கடைசி வரிசையில் ஒரு மங்கல் கோடு

உங்களில் யாருக்கும் குழாய் கழுவத் தெரியாது. குறையாகச் சொல்லவில்லை, உங்களுக்கு அந்தத் தேவையே வரவில்லை. சுண்டுவிரல் நுனி அளவுள்ள, மூடி போட்ட பிளாஸ்டிக் குழாய்கள் இப்போது பை பையாக வந்து இறங்குகின்றன. ஒரு தடவை பயன்படுத்திவிட்டுக் குப்பையில் போடுகிறீர்கள். கெலுகோர் பல்கலைக்கழகத்தில் நாங்கள் ஒரே குழாயை ஏழெட்டுத் தடவை கழுவிப் பயன்படுத்தினோம். வெளிநாட்டுக்கு ஆர்டர் போட்டால் சரக்கு வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். வந்த பிறகும் துறைமுகத்தில் ஏதாவது ஒரு தாளுக்காகக் காத்துக் கிடக்கும். என் அப்பா அந்தத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். "உங்கப்பாவ விட்டுத் தூக்கிட்டு வரச் சொல்லேன் லா" என்று கூட வேலை செய்தவர்கள் கேலி செய்வார்கள்.

ஆய்வுக்கூட உதவியாளரான என் கழுவலுக்குத் துறைக்குள் ஒரு பெயர் இருந்தது. பக்கத்து ஆய்வுக்கூடத்து ஆட்கள்கூட "அக்கா கழுவுன குழாய் இருக்கா?" என்று கேட்டு வருவார்கள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. அந்தப் பெருமை ஒரு பெண்ணின் வேலையைப் பறித்தது. ஆய்வுக்கூட வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் சொல்ல என்னிடம் நிறையக் கதைகள் இருக்கின்றன. சொல்லக் கூச்சப்படுவது இது ஒன்றுதான். அதனால் இதையே சொல்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில் எங்கள் பேராசிரியர் மைட்டோகாண்ட்ரியாவில் இறங்கினார். உயிரணுவுக்குச் சக்தி தயாரித்துக் கொடுக்கும் உறுப்பு அது என்பதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அதற்குக் கொழுப்பாலான இரண்டு சவ்வுகள், ஒன்றுக்குள் ஒன்று. உள்சவ்வில் உட்கார்ந்து வேலை பார்க்கும் புரதங்களில் பெரும்பாலானவை அங்கே பிறந்தவை அல்ல. வெளியே தயாராகி, வெளிச்சவ்வைத் தாண்டி, உள்சவ்வின் கொழுப்புக்குள் நுழைந்து, அங்கே இப்படியும் அப்படியுமாகப் பல தடவை மடிந்து நிலைகொள்ள வேண்டும். தண்ணீரில் பிறந்த ஒன்று கொழுப்புக்குள் போய் எப்படிச் சரியாக உட்காருகிறது? இந்தக் கேள்வி பேராசிரியரைப் பிடித்துக்கொண்டது. அவர் யாழ்ப்பாணக் குடும்பத்தில் பிறந்தவர். ஆங்கிலத்தில் பாடம் நடத்துவார், கோபமோ கவலையோ வந்தால் வீட்டுத் தமிழுக்கு வந்துவிடுவார்.

மைட்டோகாண்ட்ரியாவுக்காக நாங்கள் எலியைத் தேடவில்லை. தவுகே போதும், அதாவது முளைகட்டிய பச்சைப்பயறு. அந்த வெள்ளைத் தண்டை அரைத்து வடிகட்டிச் சுழற்றினால் நல்ல மைட்டோகாண்ட்ரியா கிடைக்கும். ஒவ்வொரு சோதனையன்றும் காலையில் காய்கறி, மீன் விற்கும் பாசாருக்குப் போய் மூன்று கிலோ வாங்கி வருவது என் வேலை. தவுகே விற்ற சீன அம்மாள், எனக்கு எங்கேயோ மீ கோரெங் நூடுல்ஸ் கடை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். வியாபாரம் எப்படி என்று கேட்பாள். பரவாயில்லை என்பேன்.

அந்த ஆய்வைச் செய்தவள் விஜயா, பேராசிரியரின் முனைவர் பட்ட மாணவி. நிபோங் திபால் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்திலிருந்து வந்தவள், அவள் அப்பா அங்கே எண்ணெய் ஆலையில் வேலை பார்த்தார். எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டுத்தான் செய்வாள். சில சமயம் எனக்கு எரிச்சலாகக்கூட இருக்கும். அப்படியொரு புரதத்தின் பின்பாதியை வெட்டிவிட்டால் மீதிப் பாதி சவ்வுக்குள் போய் உட்காருமா என்பது அவள் கேள்வி. போகாது என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தோம். போகிறது என்று அவளுடைய ஃபிலிம் சொன்னது.

எப்படிச் சொன்னது என்பதை மட்டும் விளக்கிவிடுகிறேன், மற்ற நுட்பங்களை விட்டுவிடலாம். புரதத்தைக் கதிரியக்கம் உள்ளதாகத் தயாரித்து மைட்டோகாண்ட்ரியாவோடு கலப்போம். பிறகு டிரிப்சின் சேர்ப்போம். அது புரதத்தை வெட்டும் கத்தரிக்கோல். உள்ளே போன புரதத்தைச் சவ்வு காப்பாற்றும், வெளியே ஒட்டிக்கொண்டிருப்பது வெட்டுப்பட்டுவிடும். மிஞ்சியது எக்ஸ்ரே ஃபிலிமில் கறுப்புக் கோடாகத் தெரியும். அந்த ஃபிலிமில் கடைசி வரிசை ஒன்று உண்டு. அதில் மட்டும் சோப்பு போட்டுச் சவ்வையே கரைத்துவிட்டு டிரிப்சின் சேர்ப்போம். காப்பாற்ற ஒன்றும் இல்லாததால் அங்கே கோடே இருக்கக் கூடாது. இருந்தால் கத்தரிக்கோலில் கூர் இல்லை என்று பொருள்.

விஜயாவின் ஃபிலிமில் கடைசி வரிசையில் ஒரு மங்கல் கோடு இருந்தது.

மூன்று தடவை செய்தாள், மூன்று தடவையும் இருந்தது. பேராசிரியர் அதைப் பார்த்துவிட்டு என்னிடம்தான் கேட்டார். "சோப்பு கொஞ்சம் பத்தல சார், அதான் சவ்வு முழுசா கரையல" என்றேன். நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவர் விட்டுவிட்டார். எனக்கும் அப்போது அதில் சந்தேகம் இல்லை. அவ்வளவு நல்ல முடிவு வந்திருக்கும்போது யாருக்குத்தான் சந்தேகப்படத் தோன்றும்?

விஜயாவுக்கு விரிவுரையாளர் வேலை ஒன்று காத்திருந்தது. அந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வேட்டைப் பேராசிரியரின் கையெழுத்தோடு ஒப்படைத்தால் அவளுக்கு, இல்லையென்றால் பட்டியலில் அடுத்தவருக்கு.

அதற்குப் பதினோரு நாள் முன்பு, ஒரு திங்கட்கிழமை காலை, கழுவிக் காய்ந்த குழாய்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு மூடியின் ஓரத்தில் பாதி அழிந்த கறுப்புப் புள்ளி கண்ணில் பட்டது. அடுக்குவதை நிறுத்திவிட்டு அந்தக் குழாயைத் தனியாக எடுத்து வைத்தேன்.

டிரிப்சினின் வேலையை நிறுத்துவதற்கென்றே ஒரு மருந்து வைத்திருந்தோம். அது இருந்த குழாய்களின் மூடியில் கறுப்புப் புள்ளி வைப்போம். அவற்றை மட்டும் கழுவக் கூடாது, எறிந்துவிட வேண்டும். இந்த விதியை எழுதிச் சுவரில் ஒட்டியவளே நான்தான். ஆனால் சில மாதங்களுக்கு முன் சரக்கு துறைமுகத்தில் மாட்டிக்கொண்டு குழாய்ப் பஞ்சம் வந்தபோது, எறிய மனம் வராமல், கூட ஒரு தடவை அலசினால் போகிறது என்று அவற்றையும் கழுவினேன். புள்ளிகளை ஆல்கஹாலால் துடைத்தேன். யாரையும் கேட்கவில்லை. கழுவலில் என்னைக் கேட்க யார் இருக்கிறார்கள் என்ற நினைப்பு. பிறகு அப்படியே மறந்தும் போனேன். விஜயாவின் டிரிப்சினைப் பங்கு போட்டு உறையவைத்தது அந்தப் பெட்டிக் குழாய்களில்தான்.

சோதித்துப் பார்க்க அரை மணி நேரம் போதும். பழைய எக்ஸ்ரே ஃபிலிமின் கறுப்பு, ஜெலட்டின் பூச்சில் இருக்கிறது. ஜெலட்டினும் புரதம்தான். அதன்மேல் ஒரு சொட்டு டிரிப்சின் வைத்துச் சூடான இடத்தில் விட்டுக் கழுவினால், உயிருள்ள டிரிப்சின் கறுப்பைத் தின்று கண்ணாடி மாதிரி ஓட்டை போட்டிருக்கும். மிச்சம் இருந்த ஒன்பது குழாய்களிலிருந்தும் ஒவ்வொரு சொட்டு வைத்தேன். நான்கு சுத்தமாக ஓட்டை போட்டன. ஐந்து, கறுப்பை லேசாகச் சாம்பல் நிறமாக்கியதோடு நின்றுவிட்டன. மழுங்கிய கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு, வெட்டுப்படவில்லை, ஆகவே உள்ளே இருக்கிறது என்று ஒரு முழு அத்தியாயம் எழுதியிருந்தோம்.

ஃபிலிமை மேசை இழுப்பறையில் வைத்து மூடினேன். விஜயா பக்கத்து அறையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். எழுந்து இருபது அடி நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை.

நாளைக்கு இன்னொரு தடவை உறுதி செய்துகொண்டு சொல்லலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அரை மணி நேரத்தில் உறுதியான விஷயத்துக்கு நாளை எதற்கு? செவ்வாய்க்கிழமை ஒன்றும் செய்யவில்லை. குழாய் கழுவினேன். விஜயாவின் வேலை போய்விடுமே என்ற கவலை இருந்தது உண்மை. ஆனால் என்னைத் தடுத்தது அது அல்ல. அக்கா கழுவிய குழாய் என்ற பெயர் போய்விடுமே என்ற பயம்தான் தடுத்தது. இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

புதன்கிழமை விஜயா செய்முறைப் பகுதியின் தாள்களோடு வந்தாள்.

"அக்கா, இத கொஞ்சம் பாருங்களேன். டிரிப்சின் பங்கு போட்டது, குழாய் தயார் பண்ணது எல்லாம் நீங்கதானே. நான் எழுதினது சரிதானான்னு சொல்லுங்க."

ஒரு வரியில் விரலை வைத்துக் காட்டினாள். டிரிப்சின் சுத்தமான குழாய்களில் வைக்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள்.

"சரிதானேக்கா?"

"சரிதான்" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தாள்களை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் வியாழக்கிழமை, சீனப் புத்தாண்டுக்கு முந்தின நாள். ஆலைக்கு விடுமுறை விட்டிருந்ததால் விஜயாவின் அப்பா நிபோங் திபாலிலிருந்து வந்திருந்தார். மகள் இத்தனை வருடம் என்னதான் செய்தாள் என்று பார்க்க ஆசை. நல்ல சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, எதிலும் பட்டுவிடாதபடி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். விஜயா ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு வரிசையாகச் சொல்லிக்கொடுத்தாள். நான் நாலடி தள்ளி நின்றிருந்தேன்.

"கடைசி வரிசைல எல்லாத்தையும் வெட்டிரும்பா. அங்க ஒண்ணும் இருக்காது."

அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு குனிந்தார். "ஒண்ணும் இருக்காதுன்னு சொல்ற, அங்க லேசா என்னமோ தெரியுதேம்மா?"

"அது சோப்பு கொஞ்சம் பத்தலப்பா. அக்கா சொன்னாங்க."

"ஓ, அப்படியா." என்னைப் பார்த்துச் சிரித்தார். "சரி சரி, எனக்கு என்ன தெரியும்? அக்காவுக்குத் தெரியாததா லா."

படித்தவர்கள் மூன்று பேர் மூன்று மாதமாகப் பார்த்தும் பார்க்காமல் விட்டதை, ஃபிலிமை முதல் தடவையாகப் பார்த்த மனிதர் ஒரே நிமிடத்தில் பார்த்துவிட்டார். பார்த்ததோடு, என்மேல் இருந்த நம்பிக்கையில் தன் கண்ணையும் ஒதுக்கிவிட்டார். அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை.

"விஜயா, கொஞ்சம் வெளிய வா" என்றேன். இழுப்பறையிலிருந்து ஓட்டை போட்ட ஃபிலிமை எடுத்துக்கொண்டு நடைவழிக்குப் போனோம். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஃபிலிமை வாங்கி ஓட்டைகளை எண்ணினாள். நான் அழுதேன், அவள் அழவில்லை.

"எப்பக்கா தெரிஞ்சது?"

"திங்கக்கிழமை."

"நேத்து நான் கேட்டேனே."

அவள் உள்ளே போய் அப்பாவிடம், "நீங்க சாப்பிட்டுட்டு வாங்கப்பா, எனக்குக் கொஞ்சம் வேல இருக்கு" என்று மட்டும் சொன்னாள். பிறகு இருவரும் பேராசிரியர் அறைக்குப் போனோம்.

அவர் ஃபிலிமை மேசை விளக்கில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"இந்த அத்தியாயத்தை இப்பிடியே விட ஏலாது" என்றார். "திரும்பச் செய்யலாம். ஆனா மூண்டு தரம் செய்ய வேணும். ஒரு தரம் செய்து போட்டு வந்தால் நான் கையெழுத்து வைக்கமாட்டன். அது உமக்கும் தெரியும் பிள்ளை."

"தெரியும் சார்" என்றாள் விஜயா. "இன்னைக்கே ஆரம்பிக்கிறேன்."

ஒரு சோதனைக்கு ஒரு பகல் பிடிக்கும், ஃபிலிமில் கோடு விழ மூன்று நாள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. மனதுக்குள் கணக்குப் போட்டபடியே பாசாருக்கு ஓடினேன். தவுகே அம்மாளின் இடம் காலி. தொட்டிகளைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் புத்தாண்டுக்கு ஊருக்குப் போயிருந்தாள். தவுகே விற்கும் மற்றவர்களும் இல்லை. ஒரு வாரத்துக்கு யாரும் வரமாட்டார்கள் என்று மீன்காரர் சொன்னார். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அந்தத் தொட்டிகள் நிரம்பி வழிந்திருக்கின்றன. திங்கட்கிழமை நான் அந்த இருபது அடி நடந்திருந்தால், வியாழனுக்கான தவுகேயைப் புதனன்றே வாங்கி வைத்திருக்கலாம்; செவ்வாய், புதன், வியாழன் என்று மூன்று சோதனைகளும் முடிந்து, அடுத்த திங்களுக்குள் மூன்று ஃபிலிமும் கையில் இருந்திருக்கும். காலியான அந்தத் திண்டின் முன்னால் நின்றபோதுதான் நான் செய்தது என்ன என்பது எனக்கு முழுதாக உறைத்தது.

நம் ஆட்களின் மளிகைக் கடையில் பச்சைப்பயறு வாங்கி வந்து ஆய்வுக்கூடத்து இருட்டறையில் நானே ஊறப்போட்டேன். புத்தாண்டு விடுமுறை முழுவதும் நானும் விஜயாவும் மாற்றி மாற்றித் தண்ணீர் தெளித்தோம். தேவைக்கு மேல் அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மரியாதையில் குறை வைக்கவும் இல்லை. "அக்கா, தண்ணி ஊத்திட்டேன்." "அக்கா, கதவ மூடிடுங்க." கத்தியிருக்கலாம்.

தண்டு போதுமான நீளம் வளர செவ்வாய்க்கிழமை ஆகிவிட்டது. அன்றே புதுக் குழாய்களில் சோதனை செய்தாள். குழாய்களைப் பக்கத்துத் துறையில் கெஞ்சி வாங்கி வந்தேன். கடைசி நாளான வெள்ளிக்கிழமை காலை ஃபிலிமைக் கழுவி எடுத்தோம். கடைசி வரிசை துடைத்துவிட்டது போல் இருந்தது. சவ்வைக் கரைக்காமல் விட்ட, அதற்கு முந்தின வரிசையும் அப்படித்தான் இருந்தது. பின்பாதி இல்லாத புரதம் உள்ளே போகவே இல்லை, வெளியே ஒட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நாங்கள் முதலில் எதிர்பார்த்ததுதான் உண்மை.

ஒரு ஃபிலிம்தான். பேராசிரியர் கையெழுத்து வைக்கவில்லை. வைக்கமாட்டார் என்று தெரிந்ததால் விஜயா கேட்கவும் இல்லை. விரிவுரையாளர் வேலை அடுத்தவருக்குப் போனது.

அவள் நான்கு மாதம் கழித்து ஆய்வேட்டை முடித்தாள். புரதத்தின் பின்பாதி இல்லாமல் முன்பாதி சவ்வுக்குள் நுழைய முடியாது என்று அடக்கமாக ஓர் அத்தியாயம். ஆய்வுப் பத்திரிகைகள் எதுவும் அதைத் தேடி வரவில்லை. கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரியில் வேலை கிடைத்துப் போனாள். தீபாவளிக்கு வாழ்த்து அட்டை அனுப்புவாள், நானும் அனுப்புவேன். மூன்று நாள் பேசாமல் இருந்ததற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் நினைப்பேன். அட்டையில் எழுதுகிற விஷயமா அது?

தொண்ணூறுகளின் கடைசியில் நான் ஓய்வு பெற்றபோது துறையில் சிறிய விருந்து வைத்தார்கள். விஜயா கோலாலம்பூரிலிருந்து கெரேத்தாவை ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். அப்போது அவளுக்கென்று ஓர் ஆய்வுக்கூடமும் நான்கு மாணவர்களும் இருந்தார்கள். பீகூன் தட்டோடு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இனிமேலும் ஒத்திப்போட எனக்கு வயதில்லை என்று ஆரம்பித்தேன்.

"விஜயா, அந்தக் குழாய கழுவினதுக்கு..."

"அத விடுங்கக்கா. இருந்த பஞ்சத்துக்கு நானா இருந்தாலும் கழுவியிருப்பேன்."

"இல்லம்மா, அந்த மூணு நாளு. அத விட, அந்தப் புதன்கிழமை. நீ கேட்டப்ப நான் சரிதான்னு சொன்னேனே. அது எனக்கு ஆறவே மாட்டேங்குது."

அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

"நான் ஏன் கேட்டேன்னு நினைக்கிறீங்க?" என்றாள். "அந்தக் கடைசி வரிசை எனக்கும் உறுத்திக்கிட்டே இருந்துச்சுக்கா. சோப்ப ரெண்டு மடங்கு போட்டு ஒரு தரம் நானே தனியா செஞ்சு பாத்தேன். அப்பவும் கோடு இருந்துச்சு. அத யார்கிட்டயும் சொல்லல. வேல போயிரும்னு பயம். நானா சொல்ல தைரியம் இல்லாமதான் உங்ககிட்ட வந்தேன். நீங்க சரியில்லன்னு சொல்லிருவீங்கன்னு நினைச்சுத்தான் கேட்டேன்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் இழுத்துக்கொள்ளவில்லை. இப்போது அவள் மாணவர்களில் யாராவது ஒரு தாளைக் கொண்டுவந்து "சரிதானே?" என்று கேட்டால், தாளைப் பார்ப்பதற்கு முன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லி, "எந்த இடம் உனக்கு உறுத்துது?" என்று கேட்கிறாளாம். பாதிப் பேர் உடனே சொல்லிவிடுகிறார்கள் என்றாள்.

உங்களிடமும் யாராவது அப்படி வந்து நிற்பார்கள். அந்தப் புதன்கிழமை என் ஒரு வார்த்தைக்காக அந்தப் பெண் எவ்வளவு நேரம் காத்துக்கொண்டு நின்றாள் என்பது எனக்கு அந்த விருந்தன்றுதான் தெரிந்தது.